முன்ன பின்ன பாத்தா தெரியும்

போன மாதம் மதினிக்குக் கண்புரை எடுக்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. எண்பதைத் தாண்டிவிட்டார், மொன்றியலுக்குப் பக்கத்தில் புரோசார்டில் மகள் வீட்டில் இருக்கிறார். நகைகளை எல்லாம் கழற்ற வேண்டும் என்று சின்னப் பெண்ணாக ஒரு நர்ஸ் வந்து சொன்னாள். தோடும் சங்கிலியும் மோதிரமும் சமர்த்தாக என் கைப்பைக்குள் வந்து சேர்ந்தன. இடது கையில் கிடந்த ஒற்றைப் பச்சைக் கண்ணாடி வளையல் மட்டும் வர மாட்டேன் என்றது. மூட்டு பெருத்துவிட்டது, சோப்பு போட்டும் நகரவில்லை. உடைத்து எடுக்கலாமா என்று அந்தப் பெண் கேட்டதும் மதினி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். சரி, இது எதற்காகப் போடுவது என்று ஆங்கிலத்தில் விசாரித்தாள். மதினி யோசிக்கவே இல்லை. “பிரீவ்மென்ட்” என்றார். பெண்ணின் முகம் மாறிவிட்டது. ஸாரி மேடம் என்று மெல்லச் சொல்லி, வளையலின் மேல் வெள்ளைப் பட்டி ஒன்றை ஒட்டி அப்படியே விட்டுவிட்டாள். மதினி சிரித்தபடி படுத்திருந்தார். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்ததால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் தயவுசெய்து கொஞ்ச நேரம் வாயைத் திறக்க வேண்டாம். தெரியாதவர்கள் அகராதியைத் தேடி ஓடவும் வேண்டாம். மதினி செய்தது போலவே முன்பின் பார்த்து ஊகித்துக்கொண்டு வாருங்கள். எங்கே போய் முட்டுகிறீர்கள் என்று பார்ப்போம்.

அறுபதுகளின் கடைசியில் அண்ணன் மொன்றியலில் பாலங்கள் கட்டும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியராகச் சேர்ந்தான். லாசாலில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் வீடு. கல்யாணமான கையோடு பாளையங்கோட்டையிலிருந்து மதினி வந்தார். அடுத்த வருடம் வேதியியல் மேல்படிப்புக்கு நான் வந்து அவர்களோடு ஒட்டிக்கொண்டேன். மதினி தமிழில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். அண்ணனுக்கு அவர் ஆங்கிலத்தைப் பற்றிப் பெரிய கவலை. ஊரிலிருந்து வரும்போதே செங்கல் கனத்தில் ஓர் அகராதி கொண்டுவந்திருந்தான். தெரியாத சொல் ஒன்று வந்தால் அதை எடுத்துப் பார்க்காமல் அடுத்த சொல்லுக்குப் போவது அவன் கணக்கில் பாவம். சனிக்கிழமைப் பேப்பரைக் காலையில் பிரித்து உட்கார்ந்தானென்றால் சாப்பாட்டு நேரத்தில்தான் முதல் பத்தியை விட்டு எழுந்திருப்பான். மதினி அதற்குள் அதே பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை பார்த்து முடித்து, அந்த அகராதியை எடுத்துப் போய் அப்பளமாவின் மேல் பாரமாக வைத்திருப்பார்.

மதினியின் முறையே வேறு. “பஸ்ஸுல ஒரு ஆளு உக்காந்திருக்கான்னு வச்சுக்க. அவன் யாருன்னு உனக்குத் தெரியாது. முன் சீட்டுல அவன் பொண்டாட்டி இருக்கா, பின் சீட்டுல அவன் பிள்ளைக இருக்கு. இப்ப அவன் யாருன்னு சொல்லதுக்கு டிக்ஷனரியா வேணும்? முன்ன பின்ன பாத்தா தெரியும் பிள்ள” என்பார். இதில் தப்பு சொல்லவும் முடியாது. ரேடியோவில் ‘ஸ்லஷ்’ என்றார்கள். அண்ணன் எஸ் எழுத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே மதினி பால் வாங்க வெளியே போய், பாதி உருகிய பனிச்சேற்றில் கணுக்கால் வரை நனைந்து திரும்பி வந்து, இதுதான் அது என்று பூட்ஸைத் தூக்கிக் காட்டினார். மூலைக் கடைப் பலகையில் இருந்த ‘டெபனூர்’ என்ற சொல்லை அண்ணன் இரண்டு நாள் தேடினான். அது பிரெஞ்சு, அவனுடைய புத்தகத்தில் எப்படி இருக்கும். ரொட்டி, பால், சிகரெட், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிறது, கடைக்காரன் தூங்கி வழிகிறான், அப்படியென்றால் நம்ம தெரு முக்குப் பெட்டிக்கடைதானே என்று மதினி வந்த வாரமே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

எல்லா நேரமும் இப்படிச் சரியாக அமைந்துவிடாது. மத்தியானத் தொலைக்காட்சித் தொடர்கள்தான் மதினியின் பள்ளிக்கூடம். அதில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கோர்ட்டுக்குப் போனார்கள். பெண்டாட்டி எனக்கு ‘ஆலிமோனி’ வேண்டும் என்று அழுதாள். புருஷன் தர முடியாது என்று கத்தினான். நீதிபதி பார்த்து, பெண்டாட்டிக்கே என்று முடித்துவிட்டார். அடுத்த வாரம் இன்னொருத்தி, என்னுடைய ஆலிமோனி ரொம்பச் சின்னது என்று குறைப்பட்டாள். மதினிக்கு அதற்கு மேல் சாட்சியம் தேவைப்படவில்லை. எங்கள் மாடியில் புருஷனைப் பிரிந்த ஒரு பெண் இருந்தாள். அவளுடைய குட்டிப் பையன் லிஃப்டில் எங்களைப் பார்த்துக் கையாட்டினான். “உங்க ஆலிமோனி நல்லா வளந்துட்டான்” என்று மதினி மனதார அவளிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி இதைக் கேட்ட அண்ணனுக்குச் சோறு மூக்கில் ஏறிவிட்டது. அது ஜீவனாம்சப் பணம் என்று அவன் விளக்கியதும், “அதையும் பிள்ளையத்தானே சாக்குச் சொல்லி வாங்குதா, பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல” என்று மதினி ரசத்தை ஊற்றினார்.

சிரிப்பெல்லாம் வீட்டுக்குள் மட்டும்தான். மதினிக்கு உள்ளுக்குள் ஒரு பெரிய குறை இருந்தது. ஊரில் காலைப் பலகாரம் முடிந்ததும் அக்கம்பக்கத்தில் நாலு வீடு ஏறி இறங்கி வருகிறவர். இங்கே லிஃப்டில் எல்லோரும் குளிரைப் பற்றிச் சிரித்துப் பேசுவார்கள், வீட்டுக் கதவைச் சங்கிலி நீளத்துக்கு மேல் திறக்க மாட்டார்கள். அறிமுகமாகிற பெண்களுக்குக் கொடுக்கலாம் என்று நெல்லையப்பர் கோயில் வாசலில் பல அளவுகளில் வாங்கி வந்த கண்ணாடி வளையல்கள் காகிதம் பிரிக்காமல் பீரோவில் கிடந்தன. “ஒரு வீட்டுக்குள்ள போயி உக்காந்து, ஒரு வாய்த் தண்ணி குடிக்கணும் பிள்ள. அப்பத்தான் ஊருக்கு வந்த மாதிரி. இந்த ஊர்ல எனக்குன்னு ஒரு கதவு தொறக்கலியே” என்று ஜன்னலோரம் நின்று சொல்வார். இரண்டாவது குளிர்காலத்தில் அண்ணனிடம் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். பனி உருகினதும் என்னை ஊருக்கு அனுப்பிருங்க, நீங்க வேலைய முடிச்சுட்டு வாங்க என்று. அண்ணன் ஆடிப்போனான். அனுப்பினால் திரும்பி வர மாட்டார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் கட்டடத்தின் அடித்தளத்தில், துணி துவைக்கிற அறையில், ஜானிட்டருடைய மனைவி மதினியிடம் ஒரு செய்தி சொன்னாள். நாலாம் மாடி அம்மா வேலைக்குப் போகவில்லையாம், பிரீவ்மென்ட் லீவாம். பல மாதமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்ததுதானாம், ஆனாலும் நேரம் வரும்போது உடம்பு தாங்க வேண்டாமா. அவளுடைய அக்கா வந்து துணைக்கு இருக்கிறாளாம். கட்டடத்துப் பெண்கள் பூ அனுப்புகிறார்கள், முடிந்தால் நீயும் ஏதாவது சமைத்துக் கொண்டுபோய்க் கொடு, நல்லா சாப்பிட வேண்டிய நேரம் என்றாள். ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்தான் மதினிக்குப் புதிது. அதன் முன்னும் பின்னும் இத்தனை பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது நடு ஆள் யார் என்பதில் என்ன சந்தேகம். பொம்பளைக்குக் கொடுக்கிற லீவு. மாதக் கணக்கில் எதிர்பார்ப்பு. அசதி. அக்கா துணை. பூ, சாப்பாடு.

நான் கல்லூரியிலிருந்து வந்தபோது அடுப்பு மூன்றும் எரிந்துகொண்டிருந்தன. புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல். “நாலாம் மாடி அம்மாவுக்கு வளைகாப்பு. பட்டுச் சேல கட்டிட்டு வா” என்றார் மதினி. அந்தச் சொல் என் காதில் விழவே இல்லை, அவர் கண்டுபிடித்த அர்த்தம் மட்டும்தான் விழுந்தது. நாலாம் மாடி அம்மா நாற்பதைத் தாண்டிய, பருத்த பெண்மணி. வங்கியில் வேலை. இந்த வயதிலா என்றேன். “ஏன், நம்ம ஊர்ல அம்மாவும் மகளும் ஒரே சமயத்துல பெத்தது இல்லியா? இவ்வளவு பெரிய கோட்டுக்குள்ள யாரு முழுகாம இருக்கான்னு நமக்கு எப்பிடித் தெரியும்” என்று என் வாயை அடைத்துவிட்டார். பீரோவைத் திறந்து, இருப்பதில் பெரிய அளவாகப் பச்சையும் சிவப்புமாக இரண்டு கைக்கும் வளையல்களை எடுத்துக்கொண்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

அக்காக்காரி வந்து கதவைத் திறந்தாள். சங்கிலி இல்லை, முழுதாகத் திறந்தாள். மதினி என் இடுப்பில் இடித்தார், பார்த்தாயா என்பது போல. அக்கா தலையிலிருந்து கால் வரை கருப்பு உடுத்தியிருந்தாள். “நல்ல நாளும் அதுவுமா கருப்பு. பாவம், இவளுக்கு யாரு எடுத்துச் சொல்லப்போறா” என்று என் காதில் சொன்னார். ஜன்னல் திரைகள் மூடியிருந்தன. கண்பட்டுவிடும் என்று மூடியிருக்கிறார்களாம். அறை முழுக்க வெள்ளைப் பூ. இரண்டு பெண்கள் ஓரமாக அமர்ந்து ரகசியம் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாலாம் மாடி அம்மா சோபாவில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. “தூக்கம் இல்ல, முதுகு வலி இருக்கும்” என்று அதற்கும் மதினியிடம் பதில் இருந்தது.

மதினி நேரே போய் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தார். சந்தனத்தைக் குழைத்து இரண்டு கன்னத்திலும் பூசினார். நெற்றியில் குங்குமம் வைத்தார். அந்த அம்மாவின் கைகளை எடுத்து ஒவ்வொரு வளையலாக ஏற்றத் தொடங்கினார். நான் சாப்பாட்டுப் பாத்திரங்களை வைக்க இடம் தேடி அலமாரிப் பக்கம் திரும்பினேன். அங்கே ஓர் ஆணின் படம், அதன் முன்னால் எரிகிற மெழுகுவர்த்தி. சுற்றிலும் நிறுத்தி வைத்திருந்த வாழ்த்து அட்டைகளைப் படித்தேன். அவை வாழ்த்து அட்டைகள் அல்ல. ‘உங்கள் கணவரின் மறைவுக்கு’ என்று ஒன்றில் இருந்தது. மற்றவற்றிலும் அதேதான். அந்த அம்மாவின் புருஷன் மாதக் கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து அந்த வாரம்தான் போயிருக்கிறார். பிரீவ்மென்ட் என்றால் துக்கம், நெருங்கிய மனிதரைச் சாவுக்குக் கொடுத்தவர்களின் துக்கம். நம் ஊரில் வளையலைக் கழற்றுகிற நேரத்தில், என் மதினி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அந்தக் கைகளில் வளையலை அடுக்கிக்கொண்டிருந்தார்.

பின்னால் போய் முதுகில் கிள்ளினேன். ஒரு கையால் என்னைத் தட்டிவிட்டார். அப்போது அந்த அம்மா உடைந்து அழ ஆரம்பித்தார். சாதாரண அழுகை இல்லை. அக்கா ஓடி வந்தாள், ஓரத்துப் பெண்கள் எழுந்தார்கள். மதினி அசரவில்லை. பிரசவத்துக்குப் பயப்படுகிற எத்தனை பெண்களைத் தேற்றியவர். தன் ஆங்கிலத்தில், இருந்த சொற்களை வைத்து, நிதானமாகப் பேசினார். பயப்படாதே. கத்த வேண்டுமென்றால் கத்திவிடு, அடக்கி வைக்காதே. வலி வரும், போகும், திரும்ப வரும். வரும்போது மூச்சை இழுத்துக்கொள். போனதும் கொஞ்சம் தூங்கு. நேரத்துக்குச் சாப்பிடு. உன்னால் முடியும், எல்லாப் பெண்களும் இதைத் தாண்டித்தான் வந்தார்கள். அந்த அம்மா மதினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவர் பட்டுச் சேலை நனைய நனைய அழுதார். அவர் போனதிலிருந்து இவள் அழவே இல்லை, இன்றைக்குத்தான் அழுகிறாள் என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கொஞ்சம் அடங்கியதும் அந்த அம்மா வளையலைத் தடவிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். “எங்க பழக்கம். இந்த மாதிரி நேரத்துக்குப் போடுறது” என்றார் மதினி பெருமையாக.

மாடிப்படியில் இறங்கும்போது சொல்லிவிட்டேன். மதினி நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, அப்பளமாவின் மேலிருந்த அகராதியை, முதல் தடவையாகத் தானே எடுத்து, அந்தச் சொல்லைத் தேடிப் படித்தார். அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். “தாலி அறுத்த பொம்பள கையில வளையல் மாட்டிட்டு வந்திருக்கேனே. எந்தப் பாவி செய்வா இத” என்று தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் வந்து சமாதானம் சொன்னான். எதுவும் ஏறவில்லை. பனி உருகும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அடுத்த விமானத்திலேயே அனுப்பிவிடுங்கள் என்று ஒரே பிடிவாதம். பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் வைத்தும் விட்டார். திறந்த ஒரே கதவையும் நானே சாத்திட்டேன் என்று அவர் சொன்னதைக் கேட்க எனக்கே தாங்கவில்லை.

மறுநாள் கதவு தட்டப்பட்டது. நாலாம் மாடி அம்மா நின்றார். கழுவித் துடைத்த பாத்திரங்கள் ஒரு கையில். இரண்டு கைகளிலும் வளையல்கள், அசையும்போது கலகலவென்று சத்தம். புளியோதரையை வழித்துச் சாப்பிட்டதாகச் சொன்னார். கூப்பிடாமலே உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். எங்கள் ஆட்கள் அட்டை அனுப்புவார்கள், உங்கள் ஆட்கள் கையைப் பிடித்துக்கொள்கிறீர்கள் என்றார். துக்கத்தில் இருக்கிற பெண்ணின் கை வெறுமையாக இருக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறீர்களே, அதை எண்ணிப் பார்க்கிறேன் என்றார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்த மதினி, அப்படியே மூடிக்கொண்டார். அவர் போன பிறகு, உண்மையைச் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று அண்ணன் ஆரம்பித்தான். “சொன்னா கழட்டிருவா. அவ கையில இருந்து கழட்டவா சொல்லுதீக?” என்று மதினி ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பெட்டி கட்டிலிலிருந்து இறங்கிப் பரணுக்குப் போனது. மாதங்கள் போன பிறகும் அந்த அம்மா வங்கிக்கே வளையல் சத்தத்தோடு போய்வந்தார். மதினி நினைத்தபோதெல்லாம் நாலாம் மாடிக்கு ஏறினார்.

எழுபதுகளின் நடுவில் அண்ணன் மொன்றியலின் மேற்குக் கோடியில் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கினான். மகள் பிறந்து ஓடியாடினாள். நாலாம் மாடி அம்மா லாசாலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துவிட்டுப் போவார். அந்தப் பத்தாண்டின் கடைசியில், ஒரு ஜனவரியில், அண்ணன் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அதை இப்போதும் என்னால் விரித்து எழுத முடியாது. வீடு நிறைய நம் ஆட்கள் வந்துவிட்டார்கள். டொராண்டோவில் மகன் வீட்டுக்கு வந்திருந்த எங்கள் பெரியம்மாவும் ரயிலேறி வந்து, முறை தெரிந்தவராகச் சடங்குகளை நடத்தினார். அன்று மதினியைக் கூடத்தில் உட்கார வைத்துக் கையிலிருந்த வளையல்களைக் கழற்றினார்கள். மதினி கையை நீட்டிக்கொண்டு எங்கேயோ பார்த்திருந்தார். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. என்னால் அந்த வெறுங்கையைப் பார்க்க முடியவில்லை.

அழைப்பு மணி அடித்தது. நாலாம் மாடி அம்மா. கோட்டில் பனி, கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. பூட்ஸைக் கழற்றிவிட்டு, கூட்டத்துக்கு நடுவே வழி கேட்டு வந்து, அந்தப் பருத்த உடம்போடு சிரமப்பட்டு மதினியின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்தார். பச்சையும் சிவப்புமாக அதே வளையல்கள். மதினியின் கையை எடுத்து ஒவ்வொன்றாக ஏற்றினார். கத்த வேண்டுமென்றால் கத்திவிடு, அடக்கி வைக்காதே என்றார். வலி வரும், போகும், திரும்ப வரும். வரும்போது மூச்சை இழுத்துக்கொள் என்றார். ஒரு சொல் மாறவில்லை. அவருக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. புருஷன் செத்த வீட்டில் தமிழ்ப் பெண்கள் இதைத்தான் செய்வார்கள் என்று முன்பின் பார்த்து அவராகத் தெரிந்துகொண்டார்.

பெரியம்மாவின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. “ஏ பிள்ள, என்ன பண்ணுதா இந்த வெள்ளைக்காரி? யாராவது சொல்லுங்களேன்” என்று என்னைப் பார்த்தார். என் வாயில் அந்த நேரத்தில் எப்படித்தான் வந்ததோ. “இது இந்த ஊர்ப் பழக்கம் பெரியம்மா. இந்த மாதிரி நேரத்துக்குப் போடுறது” என்றேன். பெரியம்மா கொஞ்சம் யோசித்தார். “என்னமோ, அவுக முறைய நாம ஏன் தடுக்கணும்” என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டார். மதினி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். உதடு துடித்தது. சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது, அது உடைந்து பெரிய அழுகையாக வந்தது. நாலாம் மாடி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அண்ணனின் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார். அதன்பின் அந்த வளையல்களைக் கழற்றச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. பாத்திரம் கழுவும்போதும் கதவில் இடித்தும் ஒவ்வொன்றாக உடைந்து, நாலாம் மாடி அம்மாவும் காலமாகி, இப்போது மிஞ்சியிருப்பது அந்த ஒற்றைப் பச்சை.

கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. ஒரு கண்ணில் மூடியோடு மதினி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சின்ன நர்ஸ் வந்து வளையல் மேலிருந்த பட்டியைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தாள். பிரித்த பிறகும் கையை விடாமல் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள், கொஞ்சம் நீளமாக. இத்தனை வருடத்தில் என் பிரெஞ்சு மருந்துக்கடை கவுன்டரைத் தாண்டவில்லை. என்ன சொன்னாள் என்று மதினியைக் கேட்டேன். “முன்ன பின்ன பாரேன் பிள்ள. வளையலத் தொட்டா, நெஞ்சுல கை வச்சா. அவளுக்கும் யாரோ போயிருக்காக, இப்பத்தான். நாளைக்குக் கண்ணப் பாக்க வரச் சொல்லியிருக்காகல்லா, அவளுக்குப் புளியோதரை கொண்டாரணும்” என்றார்.

அவள் சொன்னது அதுவாக இருக்கலாம். சொட்டு மருந்தை எப்போது விடுவது என்பதாகவும் இருக்கலாம். வீட்டுக்குப் போகிற வழியில் காரை நிறுத்திப் புளி வாங்கினேன்.